ஹெரால்ட் பின் சக்கரம் இரண்டும் இறுகிவிட்டது, பிரேக் டிரம்மைக் கழற்ற வழி சொல்லுங்கள்

மர்ஃபிடவுன்_ஹெரால்ட்

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

வண்டி 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3, நாலு கதவு. அப்பா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். 1984இல் செகண்ட் ஹேண்டில் வாங்கி, கடைசிவரை தானே பார்த்துக்கொண்டார். 2012இல் அவர் தவறிய பிறகு வண்டியை யாரும் தொடவில்லை. பெங்களூர் மர்ஃபி டவுனில், வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில், தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையாக 18 வருடம் மூடியே கிடந்து 2009இல் வெளியே வந்தார். எங்கள் ஹெரால்ட் அந்தக் கணக்கை எட்டுவதற்குள் வீட்டை பில்டருக்குக் கொடுத்தாயிற்று. மாதக் கடைசிக்குள் வண்டி சந்தைவிட்டு வர வேண்டும்.

பிரச்சினை இதுதான். சந்து வாசல் பக்கம் சரிவு. அப்பாவுக்கு ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாகத் தூக்கிவிடும் பழக்கம். அப்படியே இத்தனை வருடம் நின்றிருக்கிறது. இப்போது லீவரை இறக்கினால் இறங்குகிறது, ஆனால் கையில் ஒரு பிடிப்பும் இல்லை, அறுந்த கயிறு மாதிரி தொளதொளவென்று இருக்கிறது. முன் சக்கரங்கள் சுற்றுகின்றன. பின் சக்கரம் இரண்டும் அசையவே இல்லை. பிரேக் பெடல் தரையோடு போகிறது, ஆயில் டப்பா காய்ந்து கிடக்கிறது.

போன ஞாயிறு ஒரு டோயிங்காரரைக் கூப்பிட்டேன். "இழுத்தா விட்டுடும் சார்" என்று கயிறு கட்டி இழுத்தார். நாலடி தூரம் சக்கரம் சுற்றாமலே தேய்ந்துகொண்டு வந்தது. சிமென்ட் தரையில் இரண்டு கறுப்புக் கோடு. பின்னாலிருந்து "டக்" என்று ஒரு சத்தம். ஜன்னலிலிருந்து அம்மா போட்ட சத்தம் தனி. நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

பிறகு வந்த மெக்கானிக், சக்கரம் மாட்டும் நடுத்துண்டான ஹப்பைக் காட்டி, "புல்லர் போட்டு இழுத்து ஹப்பை எடுத்துவிடலாம், பேரிங் சீல் எல்லாம் புதுசு போடணும்" என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு அப்பா மொத்த வண்டியையே வாங்கியிருப்பார்.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அப்பாவின் டூல் பெட்டி அப்படியே இருக்கிறது, எல்லாம் அங்குல ஸ்பேனர். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான். அந்த "டக்" சத்தத்தில் பின்னால் இருக்கிற பல்சக்கரப் பெட்டி, அந்த டிஃபரன்ஷியல், போய்விட்டதா? ஹப்பைக் கழற்றாமல் டிரம்மை மட்டும் எடுக்க முடியுமா?

லீஃப்_ஸ்பிரிங்

முதலில் டிஃபரன்ஷியல் பயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். ஹெரால்டில் பின் ஆக்சில் ஒரே தண்டு இல்லை, இரண்டு பாதியும் தனித்தனியாக ஆடும். தூக்கியதும் இரண்டு சக்கரமும் உள்பக்கமாகக் காலை மடக்கிக்கொண்டு தொங்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், அதன் சுபாவமே அதுதான்.

கியரை நியூட்ரலில் போட்டு, கியர் பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். சக்கரங்கள் இறுகியிருந்தாலும் பல்லிடுக்கு அளவுக்குக் கொஞ்சம் ஆடி, "டொக்" என்று நிற்க வேண்டும். நின்றால் உள்ளே பற்கள் நன்றாக இருக்கின்றன, கோளாறு பிரேக்கில்தான். துளியும் ஆடவில்லை, அல்லது கரகரவென்று அரைக்கிறது என்றால் வேறு கதை.

சவாரி_சங்கர்லிங்

நாலு கதவு ஹெரால்டா? இங்கிலாந்திலேயே அது கிடையாதே, நம் ஊரில் மட்டும் வந்த பாடி ஆயிற்றே. விற்கிற எண்ணம் இருந்தால் சொல்லுங்கள்.

கராஜ்_கில்லாடி

இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. மூன்று கால் புல்லர் போட்டு இறுக்குங்கள், டிரம் மேல் கேஸ் டார்ச்சைக் காட்டுங்கள், பின்னால் ஒரு பெரிய சுத்தியலால் நாலு அடி. எங்கள் ஷெட்டில் அம்பாசிடர், ஃபியட், எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறோம். அசையாத டிரம் என்று ஒன்று கிடையாது.

பழைய_இரும்பு

தம்பி, புல்லரைக் கீழே வையுங்கள். டார்ச்சை அணைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

மெட்ராசில் இந்த வண்டிகள் புதிதாக ஷோரூமிலிருந்து வந்த காலத்தில் சர்வீஸ் ஷெட்டில் கையாளாகச் சேர்ந்தவன் நான். ஹெரால்டில் டிரம் வேறு, ஹப் வேறு. ஹப், கூம்பு மாதிரி ஒடுங்கும் டேப்பர் ஷாஃப்டில், வழுக்காமல் பூட்டும் சாவித் துண்டோடு இறுகி உட்கார்ந்திருக்கும். அதை எடுக்க அதற்கென்றே கனமான புல்லர் வேண்டும். மூன்று கால் புல்லரை மாட்டி முறுக்கினால் ஹப் வராது, ஹப்பின் விளிம்புதான் வளையும். இன்றைக்கு ஒரு ஹப் தேடி எங்கே போவீர்கள்? டிரம் அந்த ஹப்பின் மேல் ஒரு தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சக்கரத்தைக் கழற்றினால் டிரம் முகத்தில் தலை உள்ளே பதிந்த இரண்டு கவுண்டர்சங்க் ஸ்க்ரூ தெரியும். அந்த இரண்டும்தான் பூட்டு. பெயிண்டும் துருவும் மூடியிருந்தால் ஆணியால் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

டார்ச்சைப் பற்றி. டிரம் 7 அங்குலம். வார்ப்பிரும்பை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினாலும் குறுக்களவில் 0.2 மில்லிமீட்டர்தான் விரியும். அந்தக் கடுகளவு விரிவுக்காகத் தீயை எங்கே காட்டுகிறோம் என்று பாருங்கள். இந்த வண்டியின் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளே ஒரு ஓரமாக இருக்கிறது. வருடக்கணக்காக நின்ற டேங்க் காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். சூடு வேண்டுமென்றால் வெந்நீரைப் பழைய துணியில் நனைத்து டிரம்மைச் சுற்றுங்கள், போதும்.

இப்போது ஏன் இறுகுகிறது என்பதைச் சொல்கிறேன். அது புரியாமல் அடித்தால் சரியான இடத்தில் அடி விழாது.

இந்த வண்டியில் பின் வீல் சிலிண்டருக்கு ஒரே பிஸ்டன். டிரம்மின் உள்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும் வளைந்த துண்டுதான் ஷூ. பிஸ்டன் ஒரு ஷூவைத் தள்ளும். மற்ற ஷூவைத் தள்ளுவது யார்? சிலிண்டரே. அது டிரம்முக்குப் பின்னால் இருக்கும் பேக் பிளேட்டில் போல்ட்டால் இறுக்கப்பட்டதல்ல. பிளேட்டில் நீளவாக்கில் ஒரு துளை இருக்கும், அதில் சிலிண்டர் வழுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து அடுத்த ஷூவைத் தள்ள வேண்டும். U வடிவத்தில் மெல்லிய தகடுகள் அதைத் துளையில் பிடித்துக்கொண்டிருக்கும். ஹேண்ட் பிரேக் லீவரும் அந்தச் சிலிண்டரில்தான் கோத்திருக்கிறது. மழைத் தண்ணீர் போய் அந்தத் துளை துருப்பிடித்தால் சிலிண்டர் போன இடத்திலேயே நின்றுவிடும். நீங்கள் உள்ளே லீவரை இறக்கினீர்கள், கேபிள் தளர்ந்தது, சக்கரத்தில் இருக்கும் லீவர் திரும்பவே இல்லை. "அறுந்த கயிறு" என்று எழுதினீர்களே, அது இதுதான்.

அதனால் முதல் வேலை, பேக் பிளேட்டுக்குப் பின்னால் லீவரையும் கேபிளையும் சேர்க்கும் பின்னைக் கழற்றுவது. பிறகு அந்த லீவரைச் சின்னச் சுத்தியால் திரும்பும் திசையில் செல்லமாகத் தட்டிக்கொண்டே இருங்கள். டபிள்யூடி-40 கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் கியர் ஆயிலும் நெயில் பாலிஷ் கழுவும் அசிட்டோனும் சரிபாதி குலுக்கி, லீவர் நுழையும் வாயிலும் அட்ஜஸ்டர் மரையிலும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அசிட்டோன் பக்கத்தில் பீடி வேண்டாம். காலை ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை, மருந்து மாதிரி நாலு நாள்.

இரண்டாவது அட்ஜஸ்டர். பிளேட்டுக்குப் பின்னால் சிலிண்டருக்கு எதிர்ப்பக்கம் கால் அங்குலச் சதுரத் தலை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பினால் ஷூ தளரும். கால் சுற்றுக்கு ஒரு "க்ளிக்". டிரம் தேய்ந்து உள் விளிம்பில் ஒரு வரப்பு விழுந்திருக்கும், ஷூ தளராமல் இழுத்தால் அந்த வரப்பில் மாட்டிக்கொண்டு வரவே வராது. சதுரத் தலையில் சாதா ஸ்பேனர் போட்டு மழுங்கடித்துவிடாதீர்கள். அப்பா பெட்டியில் சதுர வாய் வைத்த சின்ன ஸ்பேனர் ஒன்று நிச்சயம் இருக்கும். ஃபிட்டர் வீட்டில் இல்லாமல் போகாது.

டிரம்மைத் தட்டும்போது மரச் சுத்தியோ செம்புச் சுத்தியோ. முகத்தில், போல்ட்டுகளுக்கு நடுவே, சுற்றிச் சுற்றி. விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு சில்லாகப் போகும். பிளேட்டுக்கும் டிரம்முக்கும் நடுவே கடப்பாறையை விட்டு நெம்பாதீர்கள், பிளேட் வெறும் தகடு, வளைந்துவிடும்.

ஈரத்துணி

பெரியவர் சொன்னதோடு ஒன்று. டிரம் வந்ததும் யாராவது கம்ப்ரஸர் குழாயை எடுத்து "புஸ்" என்று அடிப்பார்கள். விடாதீர்கள். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். சாக்கடைச் சந்தில் உதறாதீர்கள். நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி போடுங்கள், வீட்டில் கிடக்கும் பழைய கொரோனா துணி மாஸ்க் இதற்குப் போதாது.

மர்ஃபிடவுன்_ஹெரால்ட்

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆடி "டொக்" என்று நின்றது. லீஃப்_ஸ்பிரிங் அண்ணாவுக்கு ஒரு கும்பிடு. அன்றைக்குத்தான் ராத்திரி தூங்கினேன்.

சதுர வாய் ஸ்பேனரும் கிடைத்தது. பெட்டியின் அடித்தட்டில் எண்ணெய்த் துணியில் சுற்றி, மேலே நூல் கட்டி. பெரியவரே, எப்படிச் சொன்னீர்கள்?

நாலு நாள் மருந்து விட்டேன். ஆபீஸ் போகும் முன் காலையில் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை. கைக்குட்டையில் அசிட்டோன் வாசனை வருகிறது என்று பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்த்தார். ஐந்தாம் நாள் இடது பக்கத்தில் ஆரம்பித்தேன். ஸ்க்ரூ ஒன்று வந்தது, இன்னொன்றின் தலை தேய்ந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்கினேன். தலையில் சுத்தியால் அடித்தால் தானே முறுக்கிக் கொடுக்கும் சமாச்சாரம். மூன்றாவது அடியில் விட்டது. கடைக்காரரிடம் ஹெரால்ட் வீல் சிலிண்டர் கிட் கேட்டேன். "வண்டியை குஜரிக்குப் போட்டுட்டு வாங்க, வேற வண்டிக்குக் கிட் தர்றேன்" என்றார். இங்கே பழைய இரும்புக் கடைக்கு அதுதான் பெயர். சிரித்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய.

அட்ஜஸ்டர் முதல் கால் சுற்றுக்கு அரை மணி நேரம் எடுத்தது. முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், மறுபடி ஒரு சொட்டு. "க்ளிக்" என்று அது விட்டதும் பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ என்று எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். அதன் பிறகு லீவரைத் தட்டத் தட்ட ஒவ்வொரு நூலாக நகர்ந்தது. வெந்நீர்த் துணி, மரச் சுத்தி, சுற்றிச் சுற்றி ஒரு இருபது நிமிடம். அடியின் சத்தம் மாறியதைக் காதாலேயே கேட்க முடிந்தது. முதலில் பாறையில் அடிக்கிற மாதிரி "தப் தப்". கடைசியில் வெண்கலப் பானையில் தட்டுகிற மாதிரி ஒரு கணீர். டிரம் கைக்கு வந்தது. உள்ளே செம்மண் மாதிரி துரு. லைனிங்கின் அச்சு டிரம்மில் அப்படியே படிந்திருக்கிறது.

வலது பக்கம் அட்ஜஸ்டர் சுலபமாகத் திரும்பியது, ஆனால் ஹேண்ட் பிரேக் லீவர் ஒரு நூல்கூட நகரவில்லை. டிரம்மும் அசையவில்லை. எங்கே தவறு?

பழைய_இரும்பு

தவறு உங்களிடம் இல்லை. சிலிண்டர் துளையில் குறுக்கே எதுவோ சிக்கியிருக்கிறது. லீவரை விட்டுவிடுங்கள். ரப்பர் உறை இருந்தால் எடுத்துவிட்டு, பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து, சிலிண்டரைப் பிடிக்கும் தகடுகளைப் பாருங்கள். ஒரு மெல்லிய பஞ்ச்சை வைத்து அந்தத் தகட்டைப் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்தால் சிலிண்டர் ஆட ஆரம்பிக்கும். அதற்கும் மசியாவிட்டால் ஷூவைப் பிடித்திருக்கும் ஸ்டெடி பின்களின் தலையைப் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து அறுத்துவிட்டு, டிரம்மையும் ஷூவையும் சேர்த்தே இழுப்போம். ஆனால் அது கடைசி வழி. அவசரப்படாதீர்கள்.

மர்ஃபிடவுன்_ஹெரால்ட்

வந்துவிட்டது. சனிக்கிழமை முழுக்க ஆயிற்று.

முதலில் அந்த "டக்" சத்தத்துக்குப் பதில். வலது டிரம்மில் ஒரு ஷூவின் லைனிங் ஷூவைவிட்டு மொத்தமாகப் பெயர்ந்து டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டோயிங்காரர் இழுத்தபோது ஒட்டு விட்டிருக்கிறது. இன்னொரு ஷூ பிடித்துக்கொண்டதால் சக்கரம் சுற்றவில்லை. ஒட்டியிருந்த லைனிங்கை மர உளியால் தட்டி எடுத்தேன், அச்சு வெல்லம் மாதிரி ஒரே வில்லையாக வந்தது.

அப்புறம் அந்தத் தகடு. பெரியவர் சொன்னபடி டார்ச் லைட் அடித்துப் பார்த்தேன். இடது பக்கம் இருந்த மாதிரி கனத்த தகடு இல்லை. ஏதோ மெல்லிசாக, இரண்டு மடிப்பாக. பஞ்ச்சால் தட்டித் தட்டி, பாதி துருப்பொடியாக உதிர்ந்து, மீதி கையில் வந்தது. வெந்நீரில் கழுவினால் ஒரு மூலையில் பச்சை மஞ்சள் பெயிண்டில் பனைமரத்தின் ஓலை நுனி. டால்டா டப்பாவின் தகடு.

அப்பா வேலைதான். வேறு யாரும் இந்த வண்டியைத் தொட்டதில்லை. ஒரிஜினல் தகடு கிடைக்காமல் டப்பாவை வெட்டி, மடித்து, அளவாக ராவிச் செருகியிருக்கிறார். ராவிய விளிம்பு இன்னும் ஒரு பக்கம் நேராக இருக்கிறது. அந்தத் தகடு துருப்பிடித்து உப்பித்தான் சிலிண்டர் துளையில் ஆப்பு மாதிரி இறுகியிருக்கிறது. ஆக, வலது சக்கரம் இத்தனை நாள் அசையாததற்குக் காரணம் மழை மட்டும் இல்லை. அம்மாவிடம் காட்டினேன். "என் டப்பாவைக் காணோம்னு அன்னிக்கு எவ்வளவு தேடினேன்" என்றார்.

சிலிண்டரின் உள்சுவரில் கொஞ்சம் குழி விழுந்திருக்கிறது. இப்போது வண்டி கையால் தள்ளினால் போகிறது. தம்பி மகனும் நானும் சந்திலிருந்து வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டோம். அடுத்து என்ன செய்ய? மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் ஊறப்போடட்டுமா?

பழைய_இரும்பு

பேக் பிளேட்டையும் டிரம்மையும் மண்ணெண்ணெயில் கழுவலாம். ரப்பர் இருக்கும் எதையும் கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் எது பட்டாலும் பிஸ்டனின் ரப்பர் கப் ஊதிப் பெருத்து மறுபடி பிரேக் இறுகும். சிலிண்டரின் உள்பக்கத்தைப் புது பிரேக் ஆயிலாலேயே கழுவுங்கள், டாட் 3 போதும். பெயிண்ட் மேல் சிந்தவிடாதீர்கள், சாப்பிட்டுவிடும். குழி விழுந்த சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். குழி போகும் அளவுக்குத் தேய்த்தால் கப் லூசாகி ஆயில் ஒழுகும். நல்ல லேத் பட்டறையில் கொடுத்து உள்ளே ஸ்லீவ், அதாவது மெல்லிய குழாய், அடித்து வாங்குங்கள். பின்பக்க ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ஊதி அடைத்துக்கொண்டிருக்கும், பெடலை விட்டாலும் ஆயிலைத் திரும்ப விடாது.

பிடிக்கும் தகட்டை ஒரிஜினல் கனத்தில் ஸ்டெயின்லெஸ் தகட்டில் வெட்டுங்கள், இடது பக்கத்ததை மாதிரி வைத்துக்கொண்டு. துளையின் விளிம்பில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு. லைனிங்கில் ஒரு சொட்டும் படக்கூடாது. மருந்து விட்டீர்களே, அதில் நனைந்த பழைய லைனிங் இனி எதற்கும் ஆகாது, நாலு ஷூவுக்கும் புதிதாக ஒட்டக் கொடுங்கள்.

அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். எழுபத்தி சொச்சத்திலும் எண்பதுகளிலும் அந்தத் தகடு கேட்டு நானும் கடை கடையாக அலைந்திருக்கிறேன். என் ஷெட்டில் பிஸ்கட் டின். அவர் டால்டா. ஓடுகிற வண்டியில் அது நன்றாகவே வேலை செய்யும், நின்றதுதான் அதைக் கெடுத்தது.

பிரேக் முடியும்வரை ஹேண்ட் பிரேக்கைத் தூக்கவே தூக்காதீர்கள். கியரில் போட்டுக் கல் வையுங்கள். வாசல் சரிவு என்றீர்களே.

மர்ஃபிடவுன்_ஹெரால்ட்

முதல் கியரில் போட்டிருக்கிறேன், பின் சக்கரங்களுக்கு ஆளுக்கொரு கல். சிலிண்டர் இரண்டும் திங்கட்கிழமை லேத்துக்குப் போகிறது. கல் இரண்டு போதுமா என்று கேட்டுவிட்டு, அம்மா உள்ளே போய் ஆட்டுக்கல் குழவியைக் கொண்டுவந்து மூன்றாவதாக முட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.